கண்ணின் வரத்தும் வடிகாலும்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. பகல் வேளையில் நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர். கண்மணிக்குப் பின்னால் சுரக்கும் இந்த நீர் முன்னறைக்கு வந்து, ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து இரத்தத்தில் சேர்ந்துவிடும். வானூர் பக்கத்து இரும்பை போன்ற ஊர்களில் ஏரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். வரத்து குறையாமல் கலங்கல் மட்டும் அடைபட்டால் தண்ணீர் கரையை அழுத்தும். கண்ணில் அந்தக் கரையின் பலவீனமான இடம், பார்வை நரம்பு வெளியேறும் பின்பக்கத் துளை.

அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் இருக்கும். அது கூடி நரம்பு நசுங்குவது க்ளாகோமாவின் முக்கிய வகை; 'கண் பிரஷர்' என்று ஊரில் சொல்வது இதைத்தான். பெரும்பாலானோருக்கு வலி இருக்காது. பார்வை ஓரத்திலிருந்து தேய்வதால் தெரியவும் தெரியாது. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகக் கிராமங்களில் ஆய்வு நடத்தி 2003இல் வெளியிட்டது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 2.6 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் அதுவரை அதை அறியாதவர்கள்.

சொட்டு மருந்துகளில் சில வரத்தைக் குறைக்கும், சில வடிகாலைத் திறக்கும். டைமோலால் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. டார்சோலமைடும் அப்படியே, ஒரு நொதியைத் தடுத்து. லாட்டனோப்ரோஸ்ட் சல்லடையை நம்பியிராமல் தசை நார்களுக்கிடையே உள்ள பக்கவழியில் நீரை வடிய விடுகிறது. இரவில் ஒரே ஒரு சொட்டு போதும், அழுத்தம் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கும். பிரிமோனிடின் இரண்டு வேலையும் செய்யும்.

அழுத்தத்தோடு இரத்த ஓட்டமும் சேர்ந்தே பார்க்கப்பட வேண்டியது. நரம்புக்கு இரத்தத்தைத் தள்ளுவது, கண்ணுக்கு வரும் தமனியின் அழுத்தத்துக்கும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். எனவே கண்ணழுத்தத்தைக் குறைக்கும் எந்த மருந்தும் இரத்தத்துக்கு ஓரளவு வழிவிடுகிறது. ஆனால் தூக்கத்தில் உடலின் இரத்த அழுத்தம் தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் டைமோலால் உடலுக்குள் போய் அதை இன்னும் இறக்கினால், வித்தியாசம் சுருங்கிவிடலாம். தூங்கும்போது நீர் சுரப்பும் ஏறக்குறைய பாதியாகிவிடுவதால் இந்த மருந்துக்கு இரவில் வேலையும் குறைவு. ஒரு வேளை மட்டும் போடுபவர்களுக்குக் காலையில் போடச் சொல்வது இதனால்தான். இரவில் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கண் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

டார்சோலமைடு கண்ணின் இரத்த ஓட்டத்தைக் கூட்டுவதாகச் சில ஆய்வுகள் காட்டின. அழுத்தக் குறைப்பைத் தாண்டி அது பார்வையைக் காக்கிறது என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நிரூபணமானது அழுத்தக் குறைப்புதான்: ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வில், குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் நோய் முற்றும் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைந்தது. இரத்த ஓட்டத்தின் பெயரால் விலை கூடிய மருந்தைத் தேடுவதைவிட, எழுதிக்கொடுத்த சொட்டை ஒருநாளும் விடாமல் போடுவதே மேல்.

இழந்த பார்வையை எந்தச் சொட்டும் திருப்பித் தராது. 'போட்டும் தெளிவு வரவில்லையே' என்று பலர் நிறுத்திவிடுவது இது தெரியாமல்தான்; எஞ்சியதைக் காப்பதே மருந்தின் வேலை.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் நாடி மிக மெதுவாக அடிப்பவர்களுக்கும் டைமோலால் ஆபத்து. சொட்டு மருந்து மூக்குக் குழாய் வழியாக இரத்தத்துக்குப் போய்விடுவதே காரணம். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்தினால் அது குறையும். இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். லாட்டனோப்ரோஸ்ட் பாட்டில்கள் பலவற்றைத் திறக்கும்வரை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத வீட்டுக்கு, அறை வெப்பத்தில் கெடாத தயாரிப்பை எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்கலாம்.