எண்ணூர்க் கழிமுகம் வகுப்பறையில்

மீஞ்சூர்ப் பள்ளிகளில் ஆவணப்படம் காட்ட விழையும் ஆசிரியர் தொலைதூரம் தேட வேண்டியதில்லை. 2017 சனவரியில் டி. எம். கிருஷ்ணா பாடி வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' பாட்டுப் படமேயாயினும், ஆவணப்படத்தின் பணியைச் செய்கின்றது. கொசத்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தையும், அனல்மின் நிலையச் சாம்பல் அதற்கு விளைத்த கேட்டையும் அதில் காண்கிறோம். ஊரார் அனைவருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் வசைச்சொல்லானது ஏன் என்று மாணவரைக் கேட்டாலே ஒரு பாடவேளை போதாது.

இடர்ப்பாடும் உண்டு. ஒரே வகுப்பில் மீனவர் மகனும் இருப்பான். மின்நிலையத் தொழிலாளியின் மகளும் இருப்பாள். எவருடைய தந்தையும் குற்றவாளிக் கூண்டில் நிற்கலாகாது. ஆகவே படம் முடிந்ததும் ஆசிரியர் அறிவுரை தொடங்காமல், பிள்ளைகளை முதலில் பேசவிடுவதே நலமென நாம் கருதுகிறோம். அம்மகள் அன்றிரவு வீட்டிலும் கேள்வி எழுப்புவாள். பெற்றோரே, அதட்டி அடக்காதீர். தந்தை தாம் அங்கே கண்டதைச் சொல்லட்டும்.