ஃபுட்பிரிண்ட் வரையும் முறை

மின்னணு உறுப்பு ஒன்று சர்க்யூட் பலகையில் உட்காரும் இடத்தைச் செம்பாலும் துளையாலும் குறிக்கும் வடிவமே ஃபுட்பிரிண்ட். சுற்று வரைபடத்தில் டிரான்சிஸ்டர் வெறும் சின்னம். அதற்கு நீள அகலம் கிடையாது. பலகைக்கு வரும்போதுதான் கால்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர், துளை எவ்வளவு என்ற கேள்விகள் எழுகின்றன. ஒருமுறை விடை கண்டு லைப்ரரியில் சேமித்துவிட்டால், பிறகு எந்தப் பலகைக்கும் அதையே எடுத்து வைக்கலாம்.

ஒரே சுற்று திரும்பத் திரும்ப வரும் கருவிகளில்தான் இந்தச் சேமிப்பின் அருமை தெரியும். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் அப்படி ஒரு கருவி இருந்தது. புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் 1980-இல் தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே ஒரு கருவியை இயக்கத் தொடங்கினார்கள். எடை 140 டன். 34 அடுக்குகளில் வாயு நிரப்பிய எண்ணிக் குழாய்கள் சுமார் 1600. ஒவ்வொன்றிலும் எழும் நுண்ணிய துடிப்பைப் பெருக்கிப் பதிய வேண்டும். இன்று அதுபோன்ற கருவிக்குப் பலகை வரைபவர் ஒரு ஃபுட்பிரிண்டில் அரை மில்லிமீட்டர் தவறினால், அதே தவறு 1600 இடங்களில் பதியும். திருத்தவும் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

வரைவதற்கு இலவச மென்பொருளான கிகேட் போதும். ஜான்-பியேர் ஷராஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1992-இல் தொடங்கியது இது; ஐ.ஐ.டி. பம்பாயின் ‘இசிம்’ மென்பொருளும் இதைச் சேர்த்துக் கட்டியதுதான். சாதாரண உறுப்புகளுக்கு ஃபுட்பிரிண்ட் அதிலேயே உண்டு. தங்கவயலில் பாறை வெடிப்பைக் கண்காணிக்கப் பயன்பட்ட ஜியோஃபோன் போன்ற உணரிகளுக்குத்தான் நாமே வரைய வேண்டியிருக்கும்.

முதல் வேலை, உற்பத்தியாளரின் டேட்டாஷீட்டில் உள்ள அளவுப் படத்தைப் படிப்பது. அது கிடைக்காதபோது மட்டும் வெர்னியர் காலிப்பர். இரு வரிசையாகக் கால்கள் அமைந்த எட்டுக் கால் டிஐபி ஐசியில் அடுத்தடுத்த கால்களின் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், இரு வரிசைகளுக்கு இடையே 7.62. துளை, காலின் அதிகபட்சத் தடிமனைவிட 0.2 முதல் 0.25 மில்லிமீட்டராவது கூடுதலாக இருப்பது வழக்கம். டிஐபிக்கு 0.8 மில்லிமீட்டர் துளையும், அதைச் சுற்றிச் சால்டர் செய்வதற்கான 1.6 மில்லிமீட்டர் செம்புத் திட்டும், அதாவது பேடும், பொருந்தும். முதல் காலின் பேடு மட்டும் சதுரமாக இருக்கும். கால்களின் எண்கள், மேலிருந்து பார்க்கும்போது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் செல்லும்.

பலகைகள் கெடுவது அளவில் மட்டுமல்ல, இந்த எண்களிலும்தான். தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பி.சி.547 டிரான்சிஸ்டரில் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதே உருவமுள்ள 2என்3904-இல் எமிட்டர் முதலில், கலெக்டர் கடைசியில். இரண்டுக்கும் ஃபுட்பிரிண்ட் ஒன்றே போதும்; ஆனால் வரைபடச் சின்னத்தின் கால் எண்ணும் பேடின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். டேட்டாஷீட் படம் மேலிருந்து பார்த்ததா, கீழிருந்தா என்பதையும் கவனிக்காவிட்டால் எல்லாம் இடம் வலம் மாறிவிடும்.

பேடுகள் முடிந்தபின் மற்ற அடுக்குகள்: உறுப்பின் உருவக்கோடு, முதல் காலின் அடையாளம், பக்கத்து உறுப்பு நெருங்காதபடி சுற்றெல்லை. இந்த எல்லைக்கு உறுப்பிலிருந்து 0.25 மில்லிமீட்டர் விடுவது வழக்கம். துளையில்லாமல் மேற்பரப்பில் சால்டர் செய்யும் உறுப்புகளுக்கு, ஐ.பி.சி.-7351 தரநிலை பேடின் நீட்சியைத் தாராளம், நடுத்தரம், சிக்கனம் என்று மூன்று அளவில் தருகிறது. கையால் சால்டர் செய்பவருக்குத் தாராளமே நல்லது.

பிறகு ஃபுட்பிரிண்டை ஒன்றுக்கு ஒன்று அளவில் தாளில் அச்சிட்டு, உண்மையான உறுப்பை அதன்மேல் வைத்துப் பார்க்க வேண்டும். பலகை ஆர்டர் போகுமுன் இதைவிடச் செலவில்லாத சோதனை கிடையாது.

சேமிக்கும்போது மென்பொருளோடு வந்த லைப்ரரியில் கைவைக்காமல் தனி லைப்ரரி தொடங்குவது நல்லது. பெயரிலேயே உறுப்பின் வகை, கால் எண்ணிக்கை, இடைவெளி எல்லாம் இருந்தால் இன்னொருவரும் தேடி எடுக்கலாம். லைப்ரரியில் திருத்துவது மட்டும் பழைய பலகைகளைத் திருத்திவிடாது: கிகேட் ஒவ்வொரு பலகைக் கோப்பிலும் ஃபுட்பிரிண்டின் நகலையே வைக்கிறது. லைப்ரரியிலிருந்து புதுப்பிக்கும் கட்டளையை அந்தந்தக் கோப்பில் தனியே கொடுக்க வேண்டும்.