பதறாத காரியம் சிதறாது

ஆண்டு விழா நாடகம் தொடங்க மணி அடித்தாயிற்று. திரை விலக ஐந்தே நிமிடம். அப்பொழுது ஒருத்தி ஓடிவந்து, "அரசி பேசும் வசனத்தில் ஒரே ஒரு வரியை மாற்றிவிடலாமா? இன்னும் நன்றாயிருக்கும்" என்கிறாள். அரசியும் மாற்றிப் பேசிவிடுகிறாள். பழைய வரியைக் கேட்டதும் மேடைக்கு வரவேண்டிய சேவகன், அந்த வரிக்காகத் திரைக்குப் பின்னால் காத்துக்கொண்டே நிற்கிறான்! புதிய வரி நல்ல வரிதான். ஆனால் ஒத்திகை பாராத வரி.

கணினி என்ன செய்யவேண்டும் என்று எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். அதற்கும் இதே கதைதான். பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரியில் உள்ள அலுவலகங்களில் ஆயிரக்கணக்கானோர் இத்தொழில் செய்கின்றனர். மென்பொருளை வெளியிடும் நாளுக்குச் சில நாட்கள் முன்பே, "இனி இதில் யாரும் கை வைக்கக் கூடாது" என்று நிறுத்திவிடுவது இத்தொழிலில் ஒரு நல்ல வழக்கம். இதனைக் 'கோடு ஃப்ரீஸ்' என்பர். கட்டளைகளை உறையவைத்தல் என்று பொருள் கொள்ளலாம்.

சிறிய திருத்தத்திற்குக்கூடவா இத்தனை கண்டிப்பு என்று கேட்பீர்கள். ஆபத்தே அந்தச் 'சிறிய' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பெரிய மாற்றத்தைக் கண்டால் எல்லோரும் அஞ்சிச் சோதித்துப் பார்ப்பார்கள். சிறிய மாற்றமோ சோதனையின்றி நுழைந்துவிடும்.

1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் இப்படித்தான் நடந்தது. தொலைபேசி இணைப்புகளை நடத்தும் மென்பொருள் ஒன்றில் பல லட்சம் வரிகள் இருந்தன. அவற்றில் மூன்றே வரிகளை மாற்றினார்கள். சிறிய மாற்றந்தானே என்று முழுச் சோதனையை மறுபடி நடத்தவில்லை. அந்த மாற்றத்தில் ஒரு பிழை இருந்தது. வாஷிங்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் முதலிய நகரங்களில் தொலைபேசிகள் செயலிழந்தன. பல லட்சம் மக்கள் பேச வழியின்றித் தவித்தனர்.

அப்படியானால், கடைசி நேரத்தில் மெய்யாகவே ஒரு குறை தெரிந்தால்? மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இக்குறையால் யாருக்கேனும் தீங்கு வருமா? வராதெனில் அடுத்த வெளியீட்டில் திருத்திக்கொள்ளலாம். தீங்கு வருமெனில், திருத்தியபின் முழுவதையும் மீண்டும் சோதிக்க நேரம் இருக்கிறதா? தவறிப்போனால் பழைய நிலைக்கே திரும்ப வழி இருக்கிறதா? இவ்விரண்டும் இல்லையெனில், வெளியிடும் நாளையே தள்ளிவைப்பதுதான் அறிவுடைமை.

தள்ளிவைப்பது அவமானமன்று. மென்பொருளுக்கு மட்டுமல்ல, விண்கலத்திற்கும் இதுவே விதி. 2019 ஜூலை 15ஆம் நாள் அதிகாலை, ஸ்ரீஹரிகோட்டாவில் சந்திரயான்-2 புறப்பட 56 நிமிடங்களே இருந்தன. குடியரசுத் தலைவரே பார்க்க வந்திருந்தார். தொழில்நுட்பக் கோளாறு ஒன்று தென்பட்டது. அவசரமாக ஒட்டுப்போட்டு அனுப்பவில்லை, நிறுத்தினார்கள். காரணம் கண்டு, சரிசெய்து, ஒரே வாரத்தில், ஜூலை 22 அன்று, ஏவினார்கள். அது செவ்வனே விண்ணேறியது.

மாணவியரே, இன்று வங்கியும் இரயிலும் மருத்துவமனையும் மென்பொருளை நம்பியே நடக்கின்றன. நாளை உங்களில் சிலர் அந்த நாற்காலிகளில் அமர்வீர்கள். எல்லோரும் அவசரப்படும் வேளையில், "இது இன்னும் சோதிக்கப்படவில்லை, இன்று வேண்டாம்" என்று சொல்ல ஒருத்திக்குத் துணிவு வேண்டும். அந்த ஒருத்தி நீங்களாக இருங்கள்.