கல்லில் நின்ற காளைகள்

பல்லாரி என்றவுடன் நம் தாய்மார்களுக்கு நினைவில் எழுவது பெரிய வெங்காயமே. இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் எம்மைப் போன்றோர்க்கு நினைவில் எழுவன இரும்புத் தாது ஏற்றிய சரக்கு வண்டிகள். பீன்யாவின் பட்டறைகளில் லேத் ஓட்டும் நம் இளைஞர்களுக்கோ அது வெயில் மிகுந்த ஓர் ஊர்; அவ்வளவே. ஆயினும் அவ்வூருக்கு அண்மையில், கரும்பாறைகளின் மேல், பல்லாயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிக் காளைகள் நின்றுகொண்டிருக்கின்றன. மனிதன் கல்லைக் கொண்டு கல்லில் கொத்திய காளைகள் அவை. அவற்றைப் படம் எடுப்பது எங்ஙனம், எடுக்க வேண்டுவது ஏன் என்பவற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல்லாரிச் சீமை மணல் பரந்த பாலைவனம் அன்று. ஆனால், மழை பொய்த்தபோது காடும் மலையும் கொள்ளும் கோலத்தையே நம் முன்னோர் பாலை என்றனர். அக்கோலத்தைக் காண விரும்புவோர் அங்குச் சென்றால் போதும். முள்மரங்கள், கரிசல் மண், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற உருண்டைப் பாறைகள், அவற்றின் மேல் தகிக்கும் வெயில், இவையே அந்நிலம். நகருக்கு வடகிழக்கே சில கல் தொலைவில் சங்கனகல்லு, குப்கல் என்னும் சிற்றூர்களும் அவற்றை ஒட்டிய குன்றுகளும் உள்ளன. அங்குள்ள பெரிய குன்றை மக்கள் ஹிரேகுட்டா என்பர். குட்டா எனில் குன்று. கல்லு எனில் கல். மொழி தெரியாத ஊர் என்று அஞ்சிச் சென்ற தமிழனுக்குக் கல் கல்லாகவே எதிர்கொள்ளும் ஊர் அது!

குன்றின் உச்சியை ஒட்டிக் கருமையான டோலரைட் பாறை ஒரு சுவர்போல் ஓடுகிறது. வெயிலும் காற்றும் பட்டு அதன் மேற்பரப்பு மேலும் கறுத்துள்ளது. அக்கருந்தோலைக் கல்லால் கொத்தினால் உள்ளே இருக்கும் வெளிறிய நிறம் தோன்றும். இவ்வாறு கொத்தியே திமிலும் நீண்ட கொம்பும் உடைய மாடுகளையும், மனித உருவங்களையும் அக்காலத்தார் படைத்தனர். ஆண்டுகள் செல்லச் செல்லக் கொத்திய இடமும் கறுக்கும். ஆகவே, மிகக் கறுத்த உருவம் பழையது, வெளிறிய உருவம் பிந்தியது எனப் பொதுவாகக் கொள்ளலாம். சில உருவங்கள் மிகவும் எட்டாத இடங்களில் உள்ளன. மேலிருந்து தொங்கியே அவற்றைக் கொத்தியிருக்க வேண்டும் என்பர் ஆய்வாளர்.

இவற்றுட் பழமையானவற்றைப் படைத்தோர் புதிய கற்கால மக்கள். தென்னகத்தில் அக்காலம் ஏறத்தாழக் கி.மு. 3000 முதல் கி.மு. 1200 வரை நீண்டது. அவர்கள் மாடு மேய்த்தோர். தொழுவத்துச் சாணத்தைக் குவித்து எரித்ததனால் உண்டான சாம்பல் மேடுகள் அவ்வட்டாரமெங்கும் இன்றும் காணப்படுகின்றன. மாடே செல்வம் என்று வாழ்ந்தவர் கல்லிலும் மாட்டையே எழுதினர். ஆநிரை காத்து மாண்ட வீரர்க்கு நடுகல் எடுத்த தருமபுரிச் சீமையிலிருந்து வந்த நம்மவர்க்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

குப்கல் உருவங்களைப் பற்றிய செய்தி 1892ஆம் ஆண்டிலேயே ஓர் ஆங்கில ஏட்டில் வெளிவந்தது. அக்காலத்தில் சில நிழற்படங்களும் எடுக்கப்பட்டன. ஆனால் பின்னர் நிகழ்ந்தது யாது? அதன்பின் தேடிச் சென்றோர் சிலரால் அவ்விடத்தைக் கண்டறிய இயலவில்லை. எடுத்த படங்களின் மூலங்களோ சில தொலைந்தன, சில மங்கின. கல்லில் எழுதியது நின்றது. காகிதத்தில் பதித்தது அழிந்தது. 2004ஆம் ஆண்டில் நிக்கோல் பாய்வின் என்னும் ஆய்வாளர் இவ்வுருவங்களைப் பற்றி விரிவாக எழுதிய பின்னரே உலகம் மீண்டும் இக்குன்றைத் திரும்பிப் பார்த்தது. உருவங்களுக்கு அருகே உள்ள சில பாறைகளில் வழவழப்பான குழிகள் இருப்பதையும், அங்கே சிறு கல்லால் தட்டினால் மணிபோன்ற ஓசை எழுவதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

அதே ஆண்டில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. கருங்கல் வெட்டுவோர் அக்குன்றின் சில பகுதிகளை ஏற்கெனவே சிதைத்துவிட்டனர். குப்கலுக்கு வடக்கே இருந்த, இதனினும் பழைய உருவங்களைக் கொண்ட ஒரு குகைப்பாறை ஓரளவு அழிந்துவிட்டது. இதைப் படித்து வெகுண்டு எழுவது எளிது. ஆனால் நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரயில் தண்டவாளத்தின் கீழ்க் கிடக்கும் ஜல்லி எங்கிருந்து வருகிறது? நம் வீட்டுச் சமையல் மேடைக் கருங்கல் எங்கிருந்து வருகிறது? நம்மவருள் எத்தனை பேர் கல்லுடைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்? கல் வெட்டுவது குற்றமன்று. எந்தக் கல்லை வெட்டுவது என்று அறியாமல் வெட்டுவதே கேடு. இந்தப் பாறையில் உருவம் இருக்கிறது என்று காட்ட ஒரு படமேனும் இருந்தால்தான் அதை விட்டுவிடுங்கள் என்று கேட்க வாய்ப்புண்டு. படமும் இல்லையெனில், வெட்டிய பின்னர் அங்கே ஒன்று இருந்தது என்று சொல்லவும் ஆளில்லை.

இனி, படம் எடுக்கும் முறையைக் காண்போம். பெங்களூரில் இரவில் புறப்படும் ஹம்பி விரைவு வண்டி குண்டக்கல் வழியாகக் காலையில் பல்லாரி சேர்க்கிறது. சென்ற தைத் திங்களில் நாங்கள் நண்பர் மூவர் அவ்வாறே சென்றோம். நண்பகலில் குன்றேறிய எங்களுக்குப் பாறையெல்லாம் ஒரே கறுப்பாகத் தோன்றிற்று. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், "வெயில் சாயட்டும், மாடுகள் தாமே வரும்" என்று கன்னடத்தில் கூறிச் சிரித்தார். அவ்வாறே நிழலில் அமர்ந்திருந்தோம். மாலை நான்கு மணிக்கு மேல் வெயில் பாறையைப் பக்கவாட்டில் தடவியபோது, கொத்திய ஒவ்வொரு புள்ளியும் தன் சிறு நிழலுடன் எழுந்தது. முதலில் ஒரு கொம்பு, பிறகு திமில், பிறகு முழுக் காளை. கொத்துருவங்களுக்குக் காலை வெயிலும் மாலை வெயிலுமே உரியவை என்பதை எந்த நூலையும்விட அந்தப் பெரியவர் நன்கு உணர்த்தினார்.

வண்ண ஓவியங்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றுக்கு நேர்வெயில் படாத சீரான ஒளியே ஏற்றது. கண்ணுக்குப் புலப்படாத மங்கிய சாயத்தையும் படத்திலிருந்து பிரித்துக் காட்டும் டீஸ்ட்ரெச் என்னும் கணினிக் கருவியை 2005ஆம் ஆண்டில் ஜான் ஹார்மன் என்பவர் உருவாக்கினார். அதனால் இன்று பாறையைத் தொடாமலே அதன் ஓவியத்தைத் தெளிவாக்கலாம்.

தொடாமல் என்பதே இங்கு முதல் விதி. உருவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக் கட்டியால் கோடிழுப்பதும், தண்ணீர் தெளிப்பதும், எண்ணெய் பூசுவதும் கூடா. அல்ஜீரியாவின் சகாராப் பாலையில் தசிலி என்னும் மலைநாட்டு ஓவியங்களை 1956ஆம் ஆண்டு முதல் படியெடுத்த ஹென்றி லோத் குழுவினர், நிறம் பளிச்சென்று தோன்ற அவற்றை நனைத்தனர். உலகப்புகழ் கிட்டியது, ஓவியங்களோ கேடுற்றன. அறிஞர் குழுவாலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், கையில் தண்ணீர்ப் புட்டியுடன் செல்லும் நாம் எத்துணை விழிப்பாக இருக்க வேண்டும்!

இரண்டாம் விதி, படத்தோடு குறிப்பும் இருத்தல். முகவரிச் சீட்டு இல்லாத பார்சல் நிலையக் கிடங்கில் கிடந்து மக்கும். இடமும் நாளும் எழுதாத நிழற்படத்தின் கதியும் அதுவே. முதலில் குன்று முழுவதையும், அடுத்துப் பாறையையும், பின்னர் உருவத்தையும் எடுத்தல் வேண்டும். உருவத்தின் அருகே ஓர் அளவுகோலை வைத்தால் அதன் பருமை விளங்கும். நாள், நேரம், ஊர், பாறை நோக்கும் திசை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். கைப்பேசியே இடத்தின் குறியெண்ணைத் தந்துவிடும். ஒரு படியைத் தம்மிடம் வைத்து, மற்றொன்றைத் தொல்லியல் துறையினரிடம் சேர்த்தல் நன்று. காவலற்ற இடங்களின் சரியான வழியை ஊரறியப் பறைசாற்றுதல் மட்டும் வேண்டா. பெயர் பொறிப்போரும் அவ்வழியே வருவர்.

இவையெல்லாம் அறிஞர் வேலை, நமக்கேன் என்பார்க்கு ஒன்று கூறுவோம். போபாலுக்குத் தெற்கே உள்ள பீம்பேட்காக் குகைகளை வாகன்கர் என்னும் அறிஞர் 1957ஆம் ஆண்டில் கண்டறிந்தது, இரயிலில் செல்கையில் சன்னல் வழியே அக்குன்றுகள் கண்ணில் பட்டதனால் அன்றோ? 2003ஆம் ஆண்டில் அவ்விடம் உலக மரபுச் சின்னமாயிற்று. நாம் மாதந்தோறும் ஊருக்குச் செல்லும் வழியிலும் குன்றுகள் இல்லையா? கிருட்டிணகிரி மாவட்டத்து மல்லப்பாடியில் வெண்ணிற ஓவியங்களும், விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையில் செந்நிற ஓவியங்களும் உள்ளன. அவ்வூர்களுக்கு அருகிலிருந்து பீன்யா வந்து குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ!

இக்காளைகள் தமிழருடையனவா, கன்னடருடையனவா என்று வினவுவோரும் இருப்பர். பல்லாரி 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்தில் இருந்தது. அன்று மைசூருடன் இணைந்தது. அந்த மாற்றத்தைக் காளைகள் அறியா. அவற்றைக் கொத்தியவர் என்ன மொழி பேசினர் என்பதையும் பாறை சொல்லாது. மரபைப் போற்றிக் காப்பது குடிமக்கள் அனைவரின் கடமை என 1976ஆம் ஆண்டில் நம் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பகுதி கூறுகிறது. பிழைக்க வந்த மண்ணின் கல்லையும் பிறந்த மண்ணின் கல்லையும் ஒப்பக் காப்பவனே இரண்டு மண்ணுக்கும் உரியவன்.

ஆதலின், வரும் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர்கள், தம் ஊர்க் குன்றுகளில் பழைய உருவங்கள் உண்டா என்று வீட்டுப் பெரியோரிடமும் ஆடு மேய்ப்போரிடமும் கேட்டு வாருங்கள். இருப்பின், தொடாமல் படம் எடுத்து, ஊரும் நாளும் எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாறைக்கு நம்மினும் ஆயுள் அதிகம்; எனினும் அதைக் காக்கும் கண்கள் தலைமுறைதோறும் புதிதாகப் பிறந்தே ஆகவேண்டும்.