புதுச்சேரிச் சிற்றூர்களின் அறிவு மையங்கள்: கணினியும் ஒலிபெருக்கியும்

ஊருக்குக் கணினி வந்தது என்பதும் அவ்வூர் ஏழைக்குத் தகவல் கிடைத்தது என்பதும் வேறுவேறு செய்திகள். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு எவ்வாறு கடக்கப்பட்டது என்பதைப் புதுச்சேரி வட்டார அறிவு மையங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் 1998இல் இம்மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுவ நிலையமாக அமைந்தது. தொலைபேசி இணைப்பு அரிதாக இருந்ததால் கம்பியில்லாத் தொடர்பும், மின்தடை மிகுந்திருந்ததால் சூரிய மின்சாரமும் பயன்பட்டன. மையத்துக்கான இடத்தை ஊராரே தரவேண்டும்; தலித் மக்கள் உள்ளிட்ட அனைவரும் தடையின்றி வந்துபோகும் பொது இடமாக அது இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. சாதியால் தெருக்கள் பிரிந்துள்ள ஊர்களில், கருவியின் திறனைவிட இந்நிபந்தனையே முதன்மையானது எனலாம்.

மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் நிகழ்ந்தது கருதத்தக்கது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியான அலை உயர முன்கணிப்பைத் தன்னார்வலர்கள் பதிவிறக்கித் தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். கேட்பவருக்கு எழுத்தறிவு தேவையில்லை. கணினியைத் தொடவும் வேண்டியதில்லை. கொந்தளிக்கும் கடலில் வலையை இழப்பவர் மறுவலைக்குக் கடன் வாங்க நேரும். ஆகவே, கடலுக்குச் செல்லாதிருக்க வேண்டிய நாளை முன்னரே அறிவது உயிர்க்காப்பு மட்டுமன்று, கடன்தடுப்பும் ஆகும்.

2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த நல்லவாடு இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசினார். மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை பரவியது. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிரிழப்பு நேரவில்லை. அமைத்தவர்கள் எண்ணியிராத பயன் இது. எனினும் வீடுகளும் படகுகளும் அழிந்தன. தகவல் உயிரைக் காத்தது. தொழிற்கருவியைக் காக்க அதனால் இயலவில்லை.

பின்னர்க் கைப்பேசி பரவியபோது கடல்நிலைச் செய்தி நேரே மீனவரின் கைக்கு வந்தது. விரைவு கூடியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒலிபெருக்கியின் அறிவிப்பைக் கரையில் மீன் விற்கும் பெண்களும் கேட்டனர். கணவரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிச் செய்தி அவர்களை எட்டுகிறதா என்பது தனியே ஆராயத்தக்கது.