கேமராவும் ஆடலும்: மூன்று குறும்படங்களில் உடலசைவும் உறவும்

முன்னுரை

நிகழும்போதே மறைந்துவிடும் இயல்புடையது ஆடற்கலை. திரைப்படம் அதனைக் காத்து வைக்கும் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. எனினும், அரங்கில் ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே எழும் உறவு படச்சுருளில் எவ்வாறு இடம்பெறும் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. மாயா டெரன், நார்மன் மெக்லாரன், சத்யஜித் ராய் ஆகியோரின் மூன்று குறும்படங்கள் இவ்வினாவிற்குத் தரும் விடைகளை இக்கட்டுரை ஒப்பிட்டு விளக்குகிறது.

படத்தொகுப்பும் ஆடலும்

மாயா டெரனின் ‘எ ஸ்டடி இன் கோரியோகிராஃபி ஃபார் கேமரா’ (1945) சில நிமிடங்களே ஓடும் ஒலியற்ற கறுப்பு வெள்ளைப் படம். நடனக் கலைஞர் டேலி பீட்டி காட்டில் உயர்த்தும் கால் ஓர் அறைக்குள் வந்து ஊன்றுகிறது. இடம் மாறியபோதும் அசைவு அறுபடுவதில்லை. இறுதியில் அவர் தாவும் ஒரே தாவல், பல துண்டுக் காட்சிகளின் இணைப்பால், புவியீர்ப்பு இடந்தரும் கால அளவைக் கடந்து நீள்கிறது. இத்தாவலை எந்த மேடையிலும் நிகழ்த்த இயலாது. அது படத்தொகுப்பில் மட்டுமே உள்ளது. எனவே இங்குக் கேமரா ஆடலைப் பதிவுசெய்யும் கருவியாக நில்லாமல், ஆடுவோரின் இணையாகச் செயற்படுகிறது.

பலபடிமமும் இணைவும்

கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திற்காக மெக்லாரன் உருவாக்கிய ‘பா டெ டூ’ (1968) சுமார் 13 நிமிடப் படம். வெள்ளுடை அணிந்த மார்கரெட் மெர்சியர், வின்சென்ட் வாரன் ஆகிய இருவரும் கருநிறப் பின்புலத்தில் பின்னொளியில் ஆடுகின்றனர். உடலின் விளிம்புகள் மட்டுமே ஒளிர்கின்றன. ஆப்டிகல் பிரிண்டர் வழியாக ஒரே அசைவு சிறு கால இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் பதிக்கப்படுவதால், கடந்துபோன நிலைகள் மறையாமல் விசிறிபோல் விரிகின்றன.

இந்நுட்பம் வெறும் அழகு கருதியதன்று. தொடக்கத்தில் அப்பெண் தன் படிமத்துடனேயே ஆடுகிறாள். ஆடவன் பின்னரே வருகிறான். தன்னைத் தான் எதிர்கொள்வதிலிருந்து பிறரை எதிர்கொள்வதற்கு நகரும் இப்பயணமே படத்தின் பொருளாகிறது. இருவரின் படிமங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, எவ்வசைவு எவருடையது எனப் பிரித்தறிய இயலாத நிலை தோன்றுகிறது.

அபிநயமும் இடையறாப் பார்வையும்

சத்யஜித் ராயின் ‘பாலா’ (1976) மேற்கூறிய இரண்டிற்கும் மாறானது. வீணை தனம்மாளின் பேத்தியான தஞ்சாவூர் பாலசரஸ்வதி (1918–1984) பற்றிய இவ்வண்ண ஆவணப்படத்தைத் தமிழ்நாட்டு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்த்துகலை மையமும் இணைந்து தயாரித்தன. 1935இல் கல்கத்தாவில் இளம் பாலசரஸ்வதியின் ஆடலை ராய் கண்டிருந்தார். அவரைப் படமாக்கியபோதோ அக்கலைஞர் ஐம்பது வயதைக் கடந்திருந்தார்.

பரதத்தின் அபிநயம் முகமும் கையும் பாடற்பொருளும் ஒருசேர இயங்குவது. இடையிடையே வெட்டினால் பாவம் வளரும் முறை சிதையும். ஆகவே ராய் தொகுப்பு உத்திகளை அடக்கி, ஆடலை இயன்றவரை தொடர்ச்சியாகவே காட்டுகிறார். கடற்கரையில் படமாக்கப்பட்ட ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ பகுதியில் இம்முறையின் இடர்ப்பாடும் தெரிகிறது. காற்றில் அலையும் சேலையும் விரிந்த வெளியும் நுண்ணிய முகக்குறிப்புகளிலிருந்து பார்வையை ஈர்த்துவிடுகின்றன. சிற்றரங்கின் அண்மைக்கெனப் பண்பட்ட கலைக்குத் திறந்தவெளி முற்றிலும் பொருந்துவதில்லை.

முடிவுரை

டெரன் காலத்தையும் இடத்தையும் வெட்டி இணைக்கிறார். மெக்லாரன் கடந்த கணங்களை நிகழ்கணத்துடன் அடுக்குகிறார். ராய் விலகி நின்று காண்கிறார். முதலிருவர் படங்களில் உறவு திரையிலேயே படைக்கப்படுகிறது. ராயின் படத்திலோ முன்பே உள்ள உறவைக் குலைக்காமல் காப்பது கடமையாகிறது. மரபுக் கலைகளை ஆவணப்படுத்துவோருக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. கேமரா எங்கு நிற்கிறது, எப்போது வெட்டுகிறது என்பவற்றை அக்கலையின் இலக்கணமே முடிவுசெய்தல் வேண்டும். அவ்வாறன்றிப் பதிவான ஆடலில் அடவுகள் எஞ்சலாம். பாவம் எஞ்சுவது அரிது.