அரை நிமிஷ உருண்டை

‘இதை சிஜில பாத்துக்கலாம்’ என்று படப்பிடிப்பில் யாராவது சொன்னால், அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான். நான் விஎஃப்எக்ஸ் சூப்பர்வைசர்; படத்தில் கம்ப்யூட்டரில் செய்கிற காட்சிகளுக்கெல்லாம் பொறுப்பு. இந்த இடத்துக்கு வந்து சேர எனக்கு 14 வருஷம் ஆயிற்று.

வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்த ஸ்டுடியோவில் ரோட்டோ வேலைக்குச் சேர்ந்தேன். படத்தில் இருக்கும் ஆளைச் சுற்றி ஃபிரேம் ஃபிரேமாகக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து பிரித்தெடுக்கும் வேலை. சினிமாவில் நொடிக்கு 24 ஃபிரேம். ஐந்து நொடி ஷாட்டுக்கு 120. கடற்கரைக் காற்றில் கதாநாயகி நின்றால் அந்த 120-லும் பறக்கிற முடியை விடாமல் பின்தொடர வேண்டும். என் முதல் ஷாட்டுக்கு ஒரு வாரம் பிடித்தது. லீடாக இருந்த அக்கா ஓட்டிப் பார்த்துவிட்டு, “எட்ஜ் ஆடுதுப்பா” என்றார். நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இருந்தது. ஓட விட்டால் விளிம்பு நடுங்கியது. “கோட்டைப் பாக்காத. அந்தப் பொண்ணு எப்படித் திரும்புதுன்னு பாரு.” மூன்று வருஷ ரோட்டோவில் நான் கற்றது அந்தப் பார்வையைத்தான். அதைச் சலிப்பான வேலை என்று தாண்டி ஓடத் துடிக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிறகு கம்ப்: தனித்தனியாக எடுத்ததையும் கம்ப்யூட்டரில் செய்ததையும் ஒரே ஷாட்டாக இணைப்பது. அப்புறம் லீட், அப்புறம் படப்பிடிப்பு ஸ்பாட். இந்த இடத்துக்கு அனிமேஷன், லைட்டிங் வழியாக வருகிறவர்களும் உண்டு.

ஸ்பாட்டில் என் கையில் இரண்டு உருண்டைகள் இருக்கும். ஒன்று எவர்சில்வர் குடம்போலப் பளபளக்கும். சுற்றி எங்கெங்கே விளக்கு இருக்கிறது என்பது அதில் தெரியும். இன்னொன்று சாம்பல் நிறம். வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எவ்வளவு அடர்த்தி என்று காட்டும். ஷாட் முடிந்ததும் நடிகர் நின்ற இடத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேமரா அரை நிமிஷம் ஓடினால் போதும்; கம்ப்யூட்டரில் செய்வதற்கும் அதே வெளிச்சத்தைக் கொடுத்துவிடலாம்.

ஒரு சாயங்காலம் அந்த அரை நிமிஷத்தை விட்டுக்கொடுத்தேன். பொழுது சாய்கிறது என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். அந்த ஷாட்டில் கம்ப்யூட்டர் யானை நடந்து வர வேண்டும். இரண்டு ஆர்ட்டிஸ்டுகள் மூன்று வாரம் வெளிச்சத்தை ஊகித்து ஊகித்து உழைத்தார்கள். தியேட்டரில் என் கண்ணில் பட்டது யானையின் வயிறு மட்டும்தான். கீழே செம்மண் தரை; அந்தச் சிவப்பு வயிற்றில் ஏறவே இல்லை.

புதுச்சேரியிலும் படமான ‘லைஃப் ஆஃப் பை’யில் (2012) புலி பெரும்பாலும் கம்ப்யூட்டரில் செய்தது, சில ஷாட்டுகளில் நிஜப் புலி. நிஜம் பக்கத்திலேயே இருந்ததால், என் யானைக்கு இல்லாத அளவுகோல் அந்தச் செய்த புலிக்குக் கிடைத்தது. 2013-இல் அந்த விஎஃப்எக்ஸ் வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. முக்கிய வேலை செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் ஸ்டுடியோ விருது கிடைத்த அதே மாதம் திவால் மனு கொடுத்திருந்தது. சூப்பர்வைசர் பில் வெஸ்டன்ஹோஃபர் மேடையில் அதைச் சொல்ல ஆரம்பித்ததும் இசையை எழுப்பிப் பேச்சை அடக்கிவிட்டார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதையும் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்ட பிறகு மாற்றம் மாற்றமாக வந்தால், கூடுதல் நாள்களின் செலவு பெரும்பாலும் ஸ்டுடியோ தலையில்தான் விழும். அதனால்தான் ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் முதலில் ஷாட்டுகளை எண்ணுகிறேன்: ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள், எத்தனை நாள், எதை நிஜமாகவே எடுத்துவிடலாம் என்று.

போன வாரமும் ஒரு சாயங்காலக் காட்சி. உருண்டையோடு போய் நின்றேன். அசிஸ்டன்ட் டைரக்டர் ஓடி வந்தார்.

“சார், வெளிச்சம் போகுது சார்.”

“அதான் தம்பி. போறதுக்குள்ள பிடிச்சிடுவோம், ரோல் பண்ணச் சொல்லுங்க.”